லஸ்கரே இல்லை என்றார்கள்

நான் படித்தது நாலாம் வகுப்பு. வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. இன்றைக்கு என்னிடம் மூன்று அறுவடை இயந்திரங்கள் இருக்கின்றன, மூன்றும் சேற்றிலும் இறங்கி அறுக்கிற பெல்ட் வண்டி. சம்பா அறுப்பு வந்துவிட்டால் பூதலூரிலிருந்து திருக்காட்டுப்பள்ளி வரைக்கும் என் வண்டி இறங்காத வயல் குறைவு. இன்ஜினியரிங் படித்த பிள்ளைகள் கழற்றிப் போட்டுவிட்டு முழிக்கிற கியர் பெட்டியை, சத்தத்தைக் கேட்டே இன்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட என்னைப் பார்த்துத்தான் தஞ்சாவூரில் முப்பது பேர் கூடிய சபையில் "ஐயா கதை விடுறாரு" என்று சொன்னார்கள். அதுவும் ஒரு நாவலுக்காக.

எங்களுக்கென்று ஒரு துப்பறியும் எழுத்தாளர் உண்டு. மாத நாவல் கடைகளில் தோரணமாகத் தொங்கிய காலத்திலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறவர். அவருடைய வாசகர்கள் வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறோம். பள்ளிக்கூட டீச்சர் ஒருவர்தான் அதை நடத்துகிறார். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு ஹாலில் கூடிப் பேசுவோம். அடுத்த ஞாயிறு எழுத்தாளரே வருகிறார். அவர் கையில் கொடுக்க ஒரு மலர் அச்சடிக்க வேண்டும், அதில் அவருடைய சிறந்த நாவல்கள் பத்தும் ஆக மோசமான நாவல் ஒன்றும் பட்டியல் போட வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். மோசமானதை எதற்கு ஒரு மனிதர் கையில் கொடுக்க வேண்டும் என்று நான் அப்போதே கேட்டேன். "உண்மையான வாசகர்னா அதையும் சொல்லணும்" என்றார் ஓய்வு பெற்ற ஒரு பேராசிரியர். சரி, படித்தவர் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

இந்த மாதக் கூட்டத்தில் எல்லா நாவலுக்கும் மார்க் போட்டு வரிசைப்படுத்தினோம். சிறந்த பத்துக்கு ஒரு மணி நேரம் அடித்துக்கொண்டார்கள். மோசமானதுக்குச் சண்டையே இல்லை. எல்லோர் வாயிலும் ஒன்றுதான் வந்தது. மதகில் பிணம் ஒதுங்குகிற நாவல். என்னுடைய நாவல்! அவர் எழுதியதிலேயே அதற்கு மிஞ்சி ஒன்று கிடையாது என்று முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். குழுவில் யாரிடமும் அது இல்லாததால், போன மாதம் என் புத்தகத்தைத்தான் டீச்சர் வாங்கிப்போய் ஸ்கேன் செய்து எல்லோருக்கும் அனுப்பினார். படிக்கக் கொடுத்தவனுக்கு இந்த மரியாதை.

"கொலைகாரன்னு கம்பவுண்டர் எங்கேருந்து குதிச்சான்?" என்றார் பேராசிரியர். "முக்கால்வாசிக் கதை வரைக்கும் அவன் மேல சந்தேகமே இல்ல. திடீர்னு பார்த்தா கையில விலங்கு. வாசகனை முட்டாளாக்குற வேலை சார் இது."

"அச்சாபீஸ் ஆளு வாசல்ல வந்து நின்னிருப்பான். அவசரத்துல யார் கையில வேணா மாட்டிவிட்டுட்டாரு" என்றார் பேங்க்கில் இருந்து ஓய்வு பெற்றவர். ஹாலே சிரித்தது.

நான் எழுந்துவிட்டேன். "ஏங்க, லஸ்கர் சொல்றதைப் படிச்சீங்களா இல்லையா?"

"எந்த லஸ்கருங்க?"

மதகு ஷட்டரை ஏற்றி இறக்குகிற அரசாங்க ஆளை எங்கள் பக்கம் லஸ்கர் என்போம். டவுன்காரர்களுக்கு அதுகூடத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு விளக்கினேன். ஆற்றில் தண்ணீர் குறைந்தால் முறை வைத்துத்தான் விடுவார்கள். ஒரு வாய்க்காலில் ஓடும்போது பக்கத்து வாய்க்கால் காய்ந்து கிடக்கும்.

"கம்பவுண்டர் என்னா சொல்றான்? விடியக்காலம் வாய்க்கால்ல சைக்கிள் கழுவிக்கிட்டிருந்தேங்கிறான். லஸ்கர் என்னா சொல்றாரு? அன்னைக்கு அந்த வாய்க்காலுக்கு முறையே இல்ல, பொட்டுத் தண்ணி கிடையாதுங்கிறாரு. அப்ப எதுல கழுவுனான்? அங்கதான மாட்டுறான்!"

மடக்கிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். டீச்சர் போனில் ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிப் பார்த்தார்.

"ஐயா, சைக்கிள் கழுவினேன்னு அவன் சொல்றது இருக்குங்க. ஆனா லஸ்கர்னு யாருமே வரலீங்களே."

"நல்லாப் பாருங்கம்மா."

"ரெண்டு தடவை பார்த்துட்டேங்க. உங்க புக்கோட ஸ்கேன்தானேங்க இது."

"அருமையான ஐடியாங்க ஐயா" என்றார் பேராசிரியர். "இப்படி முடிச்சிருந்தா அவருக்கும் நல்ல பேரு. நீங்களே ஒரு நாவல் எழுதலாம்."

"அறுவடை மெஷின்காரர் எழுதுனா கதையில பதரே இருக்காது சார்!" என்றார் பேங்க்காரர்.

பின்வரிசையிலிருந்து யாரோ சொன்னதுதான் அந்த வார்த்தை. "ஐயா கதை விடுறாரு. ஆனா நல்லா விடுறாரு."

சாம்பார் சாதப் பொட்டலத்தை மேசையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் எனக்குள் கொதித்தது. எத்தனையோ மிராசுதார்களிடம் வாய்ச்சொல்லை மட்டும் நம்பி வேலை பார்த்திருக்கிறேன். பொய்யன் என்று ஒருவர் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தை எடுத்தேன். அறுபதாம் பக்கத்தின் கடைசி வரியில் துப்பறிகிறவர் கம்பவுண்டர் வீட்டை விட்டுக் கிளம்புகிறார். அடுத்த பக்கத்தில் கம்பவுண்டர் கையில் விலங்கு. லஸ்கர் இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நிஜமாகவே இல்லை. நானாகவே ஒரு ஆளை உண்டாக்கி, முப்பது வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறேனா? வயசாகிவிட்டதா?

அப்புறம்தான் பக்க எண் கண்ணில் பட்டது. அறுபது. அடுத்தது அறுபத்து மூன்று.

"என்னத்த அப்புடித் தேடுறீங்க?" என்றாள் என் மனைவி.

"இதுல ஒரு தாளைக் காணும்."

"பத்திரக் கவருக்குள்ள ஒரு கதைத் தாள் வச்சிருக்கீங்களே, அதுவா பாருங்க. பழசுன்னு தூக்கிப்போடப் போனதுக்கு அன்னைக்கு என்னை அந்த ஏச்சு ஏசுனீங்க."

அவள் சொன்ன பிறகுதான் எல்லாம் நினைவுக்கு வந்தது. பூதலூரில் ஸ்டேஷனை ஒட்டிய நெல் கொட்டகையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த நாள். பழைய பேப்பர் கடையில் எடுத்த புத்தகம். எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பேன். லஸ்கர் பேசுகிற இடம் வந்ததும், இது நம்ம ஊர் ஆள் பேச்சாக இருக்கிறதே என்று அந்தத் தாளைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். லாரி வரத் தாமதமாகும்போதெல்லாம் எடுத்துப் படிப்பேன். திக்காமல் ஒரே மூச்சில் படிக்க வருகிற வரைக்கும் விடவில்லை. பிறகு முதன்முதலாக நிலம் வாங்கி, பத்திரத்தை நானே வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட அன்று, தாளைப் பத்திரத்தோடு வைத்துவிட்டேன். அதற்கப்புறம் புத்தகத்தை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அறுபதாம் பக்கம் முடிந்ததும் அந்த இரண்டு பக்கமும் தானாக வாயில் வந்துவிடும். தாள் இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்?

கிழித்தது என் தப்பு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் கேட்கிறேன், அந்த முப்பது பேருக்கு என்ன சாக்கு? அவர்களுக்கு மனப்பாடமா? ஒருவர் எம்.ஏ., ஒருவர் ஆயுள் முழுக்க நோட்டுக்கட்டு எண்ணியவர். அறுபதுக்கு அப்புறம் அறுபத்து மூன்று வந்தது ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. என் டிரைவர் ஒரு வரப்பைத் தாண்டி அறுத்துவிட்டால் அந்த இடத்திலேயே வண்டியை நிறுத்திவிடுவான். இவர்கள் ஒரு தாளையே தாண்டிவிட்டு, தீர்ப்பும் சொல்லிவிட்டார்கள்.

பத்திரக் கவரிலிருந்து தாளை எடுத்துக்கொண்டு, சாப்பிடாமலே வண்டியைத் திருப்பினேன். ஆறு மணிக்கு மலர் அச்சுக்குப் போகிறது. அதற்குள் டீச்சர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். அந்த மோசமான நாவல் பக்கத்தோடு மலர் எழுத்தாளர் கைக்குப் போனால், அப்புறம் நான் என்ன சொல்லி என்ன?

டீச்சர் தாளைப் படித்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். "அய்யய்யோ, நான்தானேங்க ஒவ்வொரு பக்கமா ஸ்கேன் பண்ணினேன். எனக்கே தெரியலையே! மன்னிச்சிடுங்க ஐயா." உடனே போட்டோ எடுத்தார். ஆனால் தாள் மடிப்பில் நைந்து, நடுவில் நாலு வரி உதிர்ந்து போயிருந்தது. "இங்க என்னங்க வரும்?" என்றார். கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். அவர் அப்படியே தட்டச்சு செய்து குழுவில் போட்டு, மறுபடி மார்க் போடச் சொன்னார்.

ஐந்தரைக்கு முடிவு வந்தது. மோசமான நாவல் பக்கத்தையே மலரிலிருந்து எடுத்துவிட்டார்கள். என் நாவலுக்குப் பதினேழாவது இடம். பதினேழு! வெட்கமில்லாமல் எனக்கு வாழ்த்து வேறு.

பேராசிரியர் போன் செய்தார். "ஐயா, உங்களைக் கேலி பண்ணிட்டோம். மனசுல வச்சுக்காதீங்க. லஸ்கர் வர்ற இடம் பிரமாதம்."

"அப்பறம் ஏன் சார் பதினேழு?"

"நடுவுல ஒரு நாலு வரி மட்டும் அவர் நடை மாதிரியே இல்லீங்க. கொஞ்சம் இழுக்குது. அது நீங்க சொன்னதுதானே?"

ஒரு எழுத்து நான் கூட்டவில்லை, ஒரு எழுத்து குறைக்கவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை எழுத்தாளர் மேடையில் உட்கார்ந்ததும் முதல் ஆளாகப் போய், அந்த நாலு வரியை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லப்போகிறேன். எழுதினவர் சொல்லட்டும், இழுக்கிறதா இல்லையா என்று. பேராசிரியருக்கு முன்வரிசையில் இடம் போடச் சொல்லி டீச்சரிடம் சொல்லிவிட்டேன்.