ஜன்னலுக்குப் போகும் மாத்திரை

என் மாமனார் சொக்கலிங்கம் எதைக் கையில் கொடுத்தாலும் ஜன்னலுக்குக் கொண்டுபோய்த் திருப்பிப் பார்ப்பார். எங்கள் தீவில், மாயாபந்தர் கப்பல் ஜெட்டியில் சரக்கு இறக்கிய காலத்துப் பழக்கம். மூட்டை மாறியிருக்கும், எடை குறைந்திருக்கும், யாரையும் நம்ப முடியாது என்பார். கல்யாணமாகி வந்த நாளில் நான் கொடுத்த டீயையும் அப்படித்தான் பார்த்தார்.

சென்னையில் அவர் இதயத்தில் உலோக வால்வு வைத்தார்கள். அதில் ரத்தம் கட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. அதற்காகத் தினமும் ஒரு மாத்திரை. மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து, அது உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்து ஓர் எண் சொல்வார்கள். இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் இருக்க வேண்டும். கூடினால் ரத்தம் கசியும், குறைந்தால் கட்டும்.

போன மழைக்காலத்தில் எண் இரண்டுக்குக் கீழே இறங்கியது.

"இது நக்லி மாத்திரை, போலி. மெயின்லேண்ட்ல குடுத்தது இந்தக் கலர் இல்ல" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "இல்லேன்னா குடுக்கிற கை சரியில்ல."

மாமாவை எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. ஆனால் எனக்கும் அவர்மேல் சந்தேகம் இருந்தது. ஜன்னலருகே அவர் மாத்திரையை வாயில் போடும்போது தொண்டை அசைகிறதா என்று பார்ப்பேன். ஒருநாள், துப்பிய மாத்திரை கிடக்கிறதா என்று ஜன்னலுக்கு வெளியே செம்பருத்தியின் அடியைக் கிளறினேன். ஒன்றும் இல்லை. நிமிர்ந்தால் ஜன்னலில் அவர்.

"என்னம்மா, புதையலா?"

அடுத்த டெஸ்டிலும் எண் ஏறவில்லை. மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதப் பேனாவைத் திறந்த டாக்டர் விஜயலட்சுமி, "சாப்பாடு ஏதாவது மாறிச்சா?" என்று கேட்டார்.

"சோறு, மீன். எப்பவும் போலத்தான் மேடம்" என்றார் மாமா.

பொய் சொல்லவில்லை. கீரையை அவர் சாப்பாடாக எண்ணுவதே இல்லை. அவர் முதுகுக்குப் பின்னால் நின்றபடி நான் சொன்னேன்: "தினம் முருங்கைக்கீரைதான் மேடம். கடல் சரியில்லாம கப்பல் வரல. கடையில உருளைக்கிழங்குகூட கிடைக்கல."

டாக்டர் பேனாவை மூடினார். கீரை அதிகமானால் இந்த மாத்திரையின் வேலை குறைந்துவிடுமாம். அது தெரியாமல் அளவைக் கூட்டியிருந்தால், கப்பல் வந்து நாங்கள் கீரையைக் குறைத்ததும் ரத்தம் நிற்காமல் கசிந்திருக்குமாம்.

"கீரைய விட வேண்டாம். வாராவாரம் ஒரே அளவு குடுங்க" என்றார். எண் ஏறும்வரை ரத்தம் கட்டாமலிருக்க ஊசி எழுதினார். சில நாளில் திரும்ப டெஸ்டுக்கு வரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் மாமா முருங்கை மரத்தடியில் நின்றார்.

"இத நட்டது யாரு?"

"நீங்கதான் மாமா."

"ம். சமைச்சது?"

இப்போது செவ்வாயும் வெள்ளியும் ஒரு கிண்ணம் கீரை. கப்பல் வந்தாலும் வராவிட்டாலும் அதே கிண்ணம். எண் மூன்றை ஒட்டி நிற்கிறது. மாமா மாத்திரையோடு கிண்ணத்தையும் ஜன்னலுக்குக் கொண்டுபோகிறார். அவர் விழுங்கும்வரை நானும் நகர்வதில்லை.