காந்தம் வைத்த தண்ணீர்

நந்தகோபாலைப் பைத்தியக்காரன் என்று முதலில் சொன்னவன் நான்தான். புதூரில் உரக்கடை வைத்திருக்கிறேன். வாய் கொஞ்சம் நீளம். அவனுக்கு மைக்செட் தொழில். கோயில் கொடை, சடங்கு வீடு என்று குழாய் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போடுவான். மூன்று ஏக்கர் கரிசலும் உண்டு. எத்தனை வருசம் மழைக்காக மானத்தையே பார்த்துக்கொண்டிருப்பது என்று, மனைவி கிருஷ்ணவேணி வளர்த்த ஆடுகள் அத்தனையையும் விற்றுப் போர் போட்டான். முந்நூற்றைம்பது அடியில் தண்ணீர் பீறிட்டு வந்தது. கூடி நின்றவர்கள் கையில் ஏந்தி வாயில் வைத்தார்கள். வைத்த வேகத்தில் துப்பினார்கள். அப்படி ஒரு உப்பு.

அதன் பிறகு எட்டு மாதம் அவன் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பக்கத்து நிலங்களைச் சோலார் கம்பெனி வாங்கிக்கொண்டிருந்தது. புரோக்கர் சோலைராஜ் வாரம் தவறாமல் வந்து, "இந்தத் தண்ணிய வச்சி என்ன செய்யப் போறிய? குடுத்துருங்க" என்பான். நிலத்தை விட நந்தகோபாலுக்கு மனசு இல்லை. அந்த நேரம் பார்த்து செல்போன் வீடியோவில் எவனோ ஒருவன், குழாயில் காந்தம் கட்டினால் உப்புத் தண்ணீரின் குணம் மாறும் என்று பேசித் தொலைத்தான்.

மைக்செட்காரனுக்குக் காந்தத்துக்கா பஞ்சம்? எரிந்துபோன ஸ்பீக்கர்களை உடைத்து வட்ட வட்டமாகப் பதினாறு எடுத்தான். ஆனாலும் அவன் முழு மூடன் இல்லை. சோதித்துப் பார்த்துத்தான் நம்புவேன் என்றான். வீட்டுக்குப் பின்னால் பன்னிரண்டு பெயிண்ட் வாளிகளில் ஓட்டை போட்டு மிளகாய் நாற்று நட்டான். போர்த் தண்ணீரைக் காந்தம் இல்லாமல் ஒரு குடம் பிடித்து இடது வரிசைக்கு. குழாயில் காந்தத்தைக் கட்டி ஒரு குடம் பிடித்து வலது வரிசைக்கு. ஒரே மண், ஒரே வெயில், ஒரே செம்பு அளவு. சாயங்காலம் இலையை எண்ணி நோட்டில் எழுதுவான்.

நான் கடையிலிருந்து உப்பு பார்க்கிற மீட்டரைக் கொண்டுபோய் இரண்டு குடத்திலும் விட்டேன். இரண்டிலும் நாலாயிரத்துச் சொச்சம். "பாத்துக்கிட்டியா?" என்றேன்.

"மீட்டருக்கு எண்ணத்தான் தெரியும் அண்ணாச்சி. குடிக்கப்போறது செடிதான?" என்றான்.

முதல் பத்து நாள் இரண்டு வரிசையும் ஒன்றுபோல வாடின. பிறகு வலது வரிசை நிமிர்ந்தது. நாற்பதாம் நாள் இடதில் நாலு செடி செத்திருந்தது. வலதில் ஆறும் பூத்திருந்தன. என் கண்ணால் பார்த்தேன். அன்று கிருஷ்ணவேணி கொடுத்த டீ வாயில் வைக்க முடியவில்லை. கருப்பட்டி இனிப்பையும் மீறி உப்புக் கரித்தது. நந்தகோபால் டீ தொடமாட்டான், அது கரிப்பது அவனுக்குத் தெரியாது. எட்டு நாளைக்கு ஒருமுறை தெருக்குழாயில் வரும் நல்ல தண்ணீரை இந்த மகராசி யாருக்குப் பூட்டி வைக்கிறாள் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே குடித்தேன்.

நந்தகோபால் மாடியில் குழாய் ஸ்பீக்கர் கட்டி, மைக்கைப் பிடித்து, "புதூர் பெருமக்களே, உப்புத் தண்ணி தோத்துப்போச்சு!" என்று அறிவித்தான். முகம் முழுக்கச் சிரிப்பு. சோலைராஜை வாசலோடு திருப்பி அனுப்பினான். என் கடைக்கு வந்து, "நீங்க சொல்லுங்க அண்ணாச்சி, ஒரு ஏக்கர் மொளகா வைக்கட்டா?" என்று கேட்டான். மீட்டர் என் மேசை மேல்தான் கிடந்தது. "வை" என்றேன். அதை நினைத்தால் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. காந்தம் வைத்த தண்ணீர் மட்டுமே பாய்ந்தது. இருபது நாளில் இலை ஓரம் கருகியது. மாதம் முடியும்போது கரிசல் மேல் வெள்ளையாக உப்புப் பூத்து, ஒரு ஏக்கர் மிளகாயும் செத்திருந்தது. கம்பெனி அதற்குள் வேண்டிய நிலத்தை வளைத்து வேலி போட்டுவிட்டது. வேறு வழியில்லாமல் நந்தகோபால் போன் போட்டபோது சோலைராஜ் எடுக்கவே இல்லை.

நான் பார்க்கப் போன அன்று அவன் போர் குழாயில் காந்தங்களைக் கழற்றி மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தான். திசை தப்போ, பதினாறு போதாதோ என்று தனக்குத்தானே பேசிக்கொண்டான். கிருஷ்ணவேணி போய் அவன் கையைப் பிடித்தாள்.

"விட்டுருங்க. வலது வரிசைக்கு நான்தான் நல்ல தண்ணி ஊத்துனேன்."

அவன் புரியாமல் பார்த்தான்.

"ஒரு செடி வாடி நின்னுச்சு, பாவமா இருந்துச்சு. ரெண்டு செம்பு ஊத்தி உப்ப வடியவிட்டேன். அது நிமிந்ததப் பாத்துட்டு நீங்க சிரிச்சிய. எட்டு மாசம் கழிச்சு அன்னைக்குத்தான் சிரிச்சிய. பெறகு எப்படி நிப்பாட்ட?"

"ஏக்கர்ல வைக்கும்போதாவது வாயத் தொறந்திருக்கலாமே?" என்று நான் கத்தினேன்.

"மழை பெஞ்சு காப்பாத்திரும்னு இருந்தேன், அண்ணாச்சி."

நந்தகோபால் கோபப்படுவான் என்று பயந்தேன். அவன் குழாயடியில் உட்கார்ந்துவிட்டான்.

"நல்ல தண்ணிய அதுக்கு ஊத்திட்டு, நீ எதக் குடிச்ச?"

"இதத்தான்."

"காந்தம் வச்சதையா, வைக்காததையா?"

"வச்சதத்தான். நீங்க சொல்லுதது நெசமா இருந்துட்டா நல்லாருக்குமேன்னு."

"எப்படி இருந்துச்சு?"

"கரிச்சுது."

இப்போது கிருஷ்ணவேணி கம்பெனி வேலிக்குள் சோலார் பலகை கழுவும் வேலைக்குப் போகிறாள். உப்புத் தண்ணீர் பட்டால் பலகையில் கறை விழுமாம். அதற்கென்று லாரியில் நல்ல தண்ணீர் வருகிறது. நந்தகோபால் வேலிக்கு இந்தப் பக்கம், தன் நிலத்தில் நின்று, அவள் அதை ஊற்றி ஊற்றிக் கழுவுவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். நான் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை.