கையெழுத்திட்ட ஒரே எதிர்ப்பு

யோகேஸ்வரி தெப்ராவில் ஒரு மின்கருவித் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவர். ஐம்பத்திரண்டு வயதில் அவர் தனக்கென்று உண்டாக்கிக்கொண்டது ஒன்றுதான்: ஸ்கூடாயில், வீட்டருகே உள்ள கோயில் மண்டபத்தை ஒட்டிய அறையில் ஞாயிறுதோறும் கூடும் வாசகர் வட்டம். அறை கோயிலுடையது. அதிலிருந்த நானூறு புத்தகங்களில் முக்கால்வாசி அவர் கொடுத்தவை. கறிபாப் பலகாரம் இருந்தால் பத்தொன்பது பேர் வருவார்கள், இல்லாவிட்டால் ஏழு.

இந்த வருடம் ஒரு நாவலை எடுத்தார்கள். ஒரு தளபதி தீவு ஒன்றைத் தன் பிடிக்குள் கொண்டுவரும் கதை. நாவல் பெரிய சாதனை ஒன்றுமில்லை, நடுவில் இழுக்கிறது. ஆனாலும் எல்லோருக்கும் அந்தத் தளபதி யாரென்று தெரிந்துவிட்டது. செல்லப்பனுக்கு அவன் ஏதோ தூரதேசத்து அதிபர். மலருக்கு அவள் மாமியார். பதினான்கு வருடமாகக் கோயில் தலைவராக இருக்கும் ராஜசேகரன் மட்டும் யார் நினைவுக்கும் வரவில்லை. ஆண்டுக் கூட்டத்தில் ஒருவர் அவர் பெயரைச் சொல்வார், மற்றவர்கள் கைதட்டுவார்கள், தேர்தல் முடிந்தது. அடுத்தது சாப்பாடு.

தலைவரும் நாவலை வாங்கிப்போய்ப் படித்தார்.

"நல்ல புத்தகம்லா, தங்கச்சி. அந்த ஆளுகிட்ட என்னா ஒழுங்கு! கடைசில கவுத்துட்டானுங்க, நன்றிகெட்ட ஜனங்க."

அடுத்த வாரமே அறைக் கதவில் அறிவிப்பு: தலைவர் அனுமதித்த புத்தகத்தை மட்டுமே வட்டத்தில் படிக்கலாம், மீறினால் அறை மூடப்படும்.

"அண்ணே, இது அந்தத் தளபதி செஞ்சதுதானே?"

"ஆமா. நல்ல யோசனையில்ல?"

அறையைக் காப்பாற்ற யோகேஸ்வரிக்கு ஒரே வழிதான் தெரிந்தது: தலைவரை மாற்றுவது. ஆண்டுக் கூட்டத்துக்கு முப்பது பேர் வந்தாலே அதிகம். வட்டத்தார் பத்தொன்பது பேரும் சீட்டில் 'வேண்டாம்' என்று எழுதினால் போதும். "நாங்க இருக்கோம்க்கா" என்றார்கள் அத்தனை பேரும்.

கூட்டத்தில் எழுந்து சீட்டு வாக்கெடுப்பு கேட்டார். தலைவர் கோபப்படவில்லை.

"தாராளமா வைங்க. ஆனா கள்ள ஓட்டு விழக்கூடாது பாருங்க. அவங்கவங்க பேர எழுதி கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. நானே எண்ணுறேன்."

இந்த நேர்மைக்குப் பலத்த கைதட்டல். வட்டத்தாரும் தட்டினார்கள்.

முப்பத்திரண்டு சீட்டுகள். வேண்டும் முப்பத்தொன்று. வேண்டாம் ஒன்று; அதிலிருந்த பெயரையும் தலைவர் ஒலிபெருக்கியில் வாசித்தார்.

சாப்பாட்டுப் பந்தியில் மலர் குனிந்து சொன்னாள்: "கோவிச்சுக்காதீங்கக்கா. ஆவணியில எம்மவ லோஷினிக்குக் கல்யாணம். மண்டபத்த யாருக்குக் குடுக்கறதுன்னு அவருதானே முடிவு பண்றாரு?"

"தெரியும். சோறு ஆறுது, சாப்பிடு."

ஞாயிற்றுக்கிழமை அறையில் புதுப் பூட்டு தொங்கியது. புத்தகங்கள் கோயில் சொத்து என்றார்கள். யோகேஸ்வரி கைப்பையிலிருந்த நாவலோடு சாலையோர ரொட்டி சானாய் கடைக்குப் போனார். மூன்று பேர் வந்தார்கள். சிறிது நேரத்தில் செல்லப்பனும் வந்தார்; ஆனால் பக்கத்து மேசையில், சாலைக்கு முதுகு காட்டி, தனியாகத் தே தாரிக் குடிக்க வந்தவர் போல உட்கார்ந்துகொண்டார்.

"இங்க வந்து உக்காருங்கண்ணே."

"தலைவர் காரு இந்தப் பக்கந்தான் போவும். நீங்க படிங்க, கொஞ்சம் சத்தமா."

வெளியே லாரிகள் இரைந்தன. யோகேஸ்வரி பக்கத்து மேசைக்கும் எட்டும்படி குரலை உயர்த்திப் படிக்கத் தொடங்கினார்.