பத்திரமாக வைத்த பழைய பட்டை

என் அக்கா வீட்டுக்காரரை எல்லோரும் ‘பட்டைக்காரர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஜீப்பின் பின்பக்கம் தொங்கிப்போனால், அடியில் அடுக்கியிருக்கும் ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றிச் சரிசெய்து மாட்டுவது அவர் தொழில்; பிரேக், கியர் ரிப்பேரும் பார்ப்பார். பக்கத்துக் கடையில் பஞ்சர் ஒட்டுகிறவன் நான். மாமாவைப் புகழ எனக்கு ஆசையில்லை. ஆனாலும் உண்மையைச் சொல்லித்தானே ஆகவேண்டும்: கைராசிக்காரர். கோபம்தான் மூக்குக்கு மேல்.

அவரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. கழற்றிய சாமானைக் காகிதத்தில் சுற்றி, தேதி எழுதி, வண்டிக்காரர் கையிலேயே கொடுத்துவிடுவார். கடை போட்ட புதிதில் ஒருவர், “பழசையே துடைச்சு மாட்டிட்டு என்னை ஏமாத்துறியா?” என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டாராம். அந்தப் புண் இன்னும் ஆறவில்லை.

மாட்டு டாக்டரம்மாவின் பழைய ஜீப் ஒரே வருஷத்தில் மூன்றாவது முறையாகப் பின்பக்கம் உட்கார்ந்தபடி வந்து நின்றது. மலைமேல் இருக்கும் பண்ணைகளுக்கு அந்த வண்டியை விட்டால் வேறு ஏறாது.

“இந்தத் தடவையும் சரியாகலைன்னா வித்துடறேன் அண்ணே. நாளைக்கு ஒருத்தர் பார்க்க வர்றார். மலைக்குப் போறதையும் நிறுத்திட வேண்டியதுதான்,” என்றார் டாக்டரம்மா.

மாமா முகத்தில் ஈயாடவில்லை. ஜாக்கி வைத்துத் தூக்கினார். தளர்ந்த பட்டைகளை எடுத்துவிட்டுப் புதியவை மாட்டினார், பட்டை முனையிலிருக்கும் ரப்பர் புஷ்ஷை மாற்றினார், போல்ட்டுகளை முறுக்கினார். வண்டியை இறக்கி, சக்கர நடுவிலிருந்து மட்கார்டு வரை டேப் பிடித்தார். நாலு விரல் உயர வேண்டியது இரண்டு விரல்தான் உயர்ந்திருந்தது.

“வண்டிக்கு என்னைக் கண்டாலே ஆகலை,” என்று ஸ்பானரை விட்டெறிந்தார்.

“வண்டி மேல ஏன் பழி போடறீங்க? பழைய பட்டையை முதல்ல அவங்ககிட்ட குடுங்க,” என்றாள் சாப்பாடு கொண்டுவந்திருந்த அக்கா.

மாமா வழக்கம்போலக் காகிதத்தில் சுற்றினார். “எங்கே வைக்கட்டும்மா?”

“எப்பவும் வைக்கிற இடத்துலதான். பின்சீட்டுக்குக் கீழே பெட்டி இருக்கு.”

மூடியைத் தூக்கிய மாமா அப்படியே நின்றுவிட்டார். நானும் எட்டிப் பார்த்தேன். பழைய பட்டைகள், பிரேக் டிரம்கள், கியர் சக்கரங்கள், ஷாக் அப்சார்பர்கள். பன்னிரண்டு வருஷத்துச் சாமான், ஒவ்வொன்றின்மேலும் மாமாவின் கோணல் கையெழுத்து.

“இதையெல்லாம் ஏம்மா சுமந்துட்டுத் திரியறீங்க?”

“நீங்கதானே ஒவ்வொரு தடவையும், பத்திரமா வெச்சுக்குங்கன்னு சொல்லிக் குடுத்தீங்க?”

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் மாமாவும் ஒவ்வொன்றாக இறக்க இறக்க, ஜீப்பின் பின்பக்கம் மெல்ல எழுந்தது. மறுபடி டேப் பிடித்தபோது நாலு விரல் சரியாக இருந்தது.

“வண்டி பார்க்க வர்றவர்கிட்ட வர வேண்டாம்னு இப்பவே சொல்லிடறேன்,” என்று டாக்டரம்மா போனை எடுத்தார். அவருக்கு வாயெல்லாம் பல்.

மாமாவுக்குத்தான் கண் கலங்கிவிட்டது. தான் சொன்ன ஒரு வார்த்தையை ஒருவர் இவ்வளவு காலம் கட்டிக்காத்திருக்கிறாரே என்ற சந்தோஷம் அவருக்குத் தாங்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே, காகிதத்தில் சுற்றிய அன்றைய பட்டையை எடுத்து டாக்டரம்மாவிடம் நீட்டினார்.

“பத்திரமா...” என்று ஆரம்பிப்பதற்குள் அக்கா அதைப் பிடுங்கிக்கொண்டாள்.