தட்டில் மிஞ்சிய துண்டு

ருனே தங்கமான மனுஷன். குளிர்நாட்டு ஊரான ஹெர்னோசாண்டில் காலமெல்லாம் பேருந்து ஓட்டியவர். தட்டில் கடைசியாக மிஞ்சும் கேக் துண்டை ஆயுளில் எடுத்ததில்லை. அந்த ஊரில் யாரும் எடுக்க மாட்டார்கள். எடுத்தவன் பெயர் செத்த பிறகும் நாறும். ஆனால் மற்றவர்களுக்குக் கேக்கோடு நின்றுவிட்ட இந்த நாகரிகம் ருனேவுக்கு ரத்தத்திலேயே ஊறிவிட்டது. பணிமனையில் மேற்பார்வையாளர் பதவி காலியானபோது, "வேற யாருக்காவது வேணுமான்னு கேளுங்க" என்றார். வேறொருவனுக்கு வேண்டியிருந்தது. கல்யாணமும் ஏறக்குறைய இப்படித்தான் கைநழுவியது.

எதிர்வீட்டு மைவோர் கணவனை இழந்தவள். ஞாயிற்றுக்கிழமை காபிக்கு ருனே வீட்டுக்கு வருவாள். இப்போது வீட்டை விற்றுவிட்டுத் தெற்கே மகளோடு போய் இருக்கப் போகிறாளாம். வழியனுப்பும் காபி ருனே வீட்டில்தான்; கீழ்வீட்டுத் தம்பதியும் வருகிறார்கள். அவளிடம் "போகாதீங்க" என்று சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான், ஒரே சொல். வெறுங்கையோடு சொல்ல வெட்கமாக இருந்ததால் தயிரைத் துணைக்கு அழைத்தார்.

கெட்டித் தயிரில் தேன் கலந்து, கேக் சுடும் தாள் விரித்த தட்டில் பரப்பி, கோடையில் சதுப்பு நிலத்தில் தாமே பொறுக்கிச் சேர்த்துவைத்த மஞ்சள் பழங்களை மேலே பதித்தார். பறவை கொத்தாமல் மேலே ஒரு சட்டியைக் கவிழ்த்து மூடிப் பால்கனியில் வைத்தார். மற்றதைப் பிப்ரவரிக் குளிர் பார்த்துக்கொண்டது. உறைந்த பாளத்தை உடைத்தபோது, ஆகப் பெரிய பழமிருந்த துண்டை மைவோர் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

மைவோர் இருப்பதிலேயே சின்னத் துண்டாகப் பார்த்து எடுத்தாள். மற்றவர்களும் பெரியதைத் தொடவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கடைசித் துண்டாகிவிட்டது.



"பாதி மட்டும்" என்று கீழ்வீட்டு ஸ்தூரே கத்தியால் ஓரத்தை வெட்டினார். அவர் மனைவி மிச்சத்தில் பாதியை வெட்டினாள். அந்தப் பழம் மட்டும் நகமளவு தயிரில் நின்றது.

"மைவோர், நீங்க எடுத்துக்கங்க" என்றார் ருனே.

"ஐயையோ, கடைசித் துண்டாச்சே! நீங்க சாப்பிடுங்க."

"நானா? சேச்சே."

"ரெண்டு பேரும் விடிய விடிய இப்படியே உபசரிச்சுக்கங்க" என்றார் ஸ்தூரே.

எல்லோரும் வானிலையைப் பற்றிப் பேசினார்கள். மரியாதை தெரியாத அறைச்சூடு மட்டும் தன் வேலையைச் செய்தது. துண்டு சரிந்து, குழைந்து, தட்டில் பாலாக ஓடியது. தன் ஆயுள் முழுக்க அங்கே உருகிக் கிடப்பதாக ருனேவுக்குத் தோன்றியது.

மைவோர் எட்டிப் பார்த்தாள். "இப்ப இது துண்டே இல்லையே" என்று தட்டைத் தன் பக்கம் இழுத்து, கரண்டியால் பழத்தோடு வழித்துச் சாப்பிட்டாள். "அருமை! அடுத்த ஞாயிறும் செய்யலாமே."

"அதுக்குள்ள நீங்க போயிருப்பீங்களே?"

"போகாதன்னு ஒருத்தரும் சொல்லலையே. எல்லாரும் ரொம்ப மரியாதைக்காரங்க."

ருனே சுற்றிலும் பார்த்தார். ஸ்தூரேவுக்கு ஏதாவது சொல்ல இருக்குமோ என்று பழக்கதோஷத்தில் கொஞ்சம் காத்திருந்தார். ஸ்தூரே காபியைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"போகாதீங்க" என்றார் ருனே.

ஸ்தூரேவின் மனைவி, ருனே தட்டையே எடுத்து நக்கிவிட்டது போல அவரைப் பார்த்தாள்.