திண்டிவனம் தாண்டட்டும்

லடாக் போகவேண்டும் என்று முதலில் சொன்னது நான். இதை இப்போதே எழுதிவைக்காவிட்டால் கொஞ்ச நாளில் நானே மறந்துவிடுவேன். அந்த அளவுக்கு என் கணவர் அதைத் தன்னுடைய யோசனையாக விழுப்புரம் முழுக்கப் பரப்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்றுகொண்டு, "பொண்டாட்டிய லடாக்குக்குக் கூட்டிக்கினு போறேன்" என்பார். கூட்டிக்கொண்டு போகிறாராம். நான் என்ன ஆட்டுக்குட்டியா? சாமியார் வந்து வண்டியை மந்திரித்தபோதும், தீர்த்தத்தை என் மேலும்தான் தெளித்தார். பார்த்து ஓட்டுங்கள் என்று அவரிடம் மட்டும்தான் சொன்னார்.

எங்களுக்குள் இருந்த பேச்சு வேறு. பழைய வேனில் பின் சீட்டைக் கழற்றி, பலகை போட்டுப் படுக்கை செய்திருந்தோம். ஆளுக்குப் பாதி தூரம் ஓட்டுவது. அவ்வளவு உயரத்தில் யாருக்கு எப்போது மூச்சு முட்டும், தலை சுற்றும் என்று சொல்ல முடியாது; ஒருவர் படுத்துவிட்டால் இன்னொருவர் வண்டியைக் கீழே இறக்கிக்கொண்டு வரவேண்டும். அதற்காகத்தான் இந்த வயதில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய், கல்லூரிப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று லைசென்ஸ் வாங்கினேன். லைசென்ஸ் இருந்தால் ஆயிற்றா, கை பழக வேண்டாமா? பனமலை, பெருமுக்கல் என்று பக்கத்திலேயே சில நாள் சுற்றுவோம், வண்டியிலேயே சமைத்து வண்டியிலேயே தூங்கிப் பார்ப்போம், நானும் ஓட்டிப் பழகிக்கொள்கிறேன் என்று ஒத்திகைக்குக் கிளம்பினோம்.

வீட்டு வாசலிலேயே சாவியைக் கேட்டேன். தெருவே பார்க்கிறது, ஊர் தாண்டட்டும் என்றார். சரி, போகட்டும் என்று விட்டேன். ஊர் தாண்டியதும், இந்தப் பக்கமெல்லாம் ஆபீஸ் ஆட்கள் வந்துபோவார்கள் என்றார். பனமலை ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தும்வரை ஸ்டியரிங் அவர் கையை விட்டு வரவில்லை.

கரையில் அடுப்பு வைத்து நான் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது, நிலக்கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிவிட்டு வந்த ஒரு அம்மா எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் வந்து மெதுவாக, "ஊட்ல எதுனா சண்டையாம்மா? புள்ளைங்க தொரத்திட்டாங்களா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. என் கணவருக்கு வரவில்லை. சொந்த வீடு இருக்கிறது, பையன் பெங்களூரில் நல்ல வேலையில் இருக்கிறான், லடாக் போகத்தான் பழகுகிறோம் என்று நீளமாக விளக்கம் கொடுத்தார். அந்த அம்மா நம்பியதாகத் தெரியவில்லை. மடியிலிருந்து ஒரு கை மல்லாட்டையை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். நாங்கள் செய்த தப்பு எனக்கு அப்போதுதான் விளங்கியது. முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் இவர் இப்படிக் கூசுகிறார். தெரிந்தவர்களாக நிறைந்திருக்கிற சொந்த மாவட்டத்துக்குள் எனக்கு ஸ்டியரிங் எங்கே கிடைக்கப்போகிறது?

மறுநாள் காலையில் மறுபடி கேட்டேன். "திண்டிவனம் தாண்டட்டும், தர்றேன்" என்றார்.

திண்டிவனத்தில் அவருடைய சித்தி இருக்கிறார். சித்தி கண்ணில் படக்கூடாது என்று இவர் சுற்றுவழியில் போக, மார்க்கெட்டுக்குப் போன சித்தி ஷேர் ஆட்டோவில் எதிரிலேயே வந்துவிட்டார். எங்கள் ஊருக்கு வந்துவிட்டு ரோட்டில் படுப்பீர்களா என்று நடுத்தெருவில் ஒரே சத்தம். அன்றைய ஒத்திகை சித்தி வீட்டு ஃபேனுக்கு அடியில், மீன் குழம்போடு நடந்தது. சாப்பிடும்போது சித்தி என்னைப் பார்த்து, நீயும் ஓட்டுவாயாமே என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். "கத்துக்கினு இருக்கா சித்தி. சும்மா ஒரு ஆசைக்கு."

சும்மா ஒரு ஆசைக்கு. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வந்த இடத்தில் சண்டை வேண்டாம் என்று, மீனில் முள் எடுப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டே சாப்பிட்டு முடித்தேன்.

திண்டிவனம் தாண்டியது. பெருமுக்கல் போகிற ரோட்டில் கேட்டால், லாரி வருகிறது என்றார். லாரி போனபிறகு, ரோடு குறுகல் என்றார். அதோடு நான் கேட்பதை நிறுத்திவிட்டேன். மலைக்கோயிலுக்கு அவரை விட்டுவிட்டு முன்னால் ஏறினேன். இறங்கும்போது பாறையில் கால் வழுக்கி விழுந்தார். இடது கணுக்கால் பூரி மாதிரி உப்பிக்கொண்டது. தோளைக் கொடுத்துக் கீழே கொண்டுவந்தேன். பாவமாக இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கிளட்ச் மிதிக்க அந்தக் கால்தான் வேண்டும் என்பதும் கூடவே எனக்கு ஞாபகம் வந்தது. அவருக்கும் வந்திருக்கவேண்டும். சாவியைக் கொடுத்தபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நன்றாகத்தான் ஓட்டினேன். வண்டி எங்கேயும் திக்கவில்லை, அணையவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர், திண்டிவனம் வீடுகள் தெரிய ஆரம்பித்ததும், காலை நீட்டவேண்டும் என்று பின்னால் போய்ப் படுத்துக்கொண்டார். வலிக்கும்தானே என்று நினைத்தேன். ஊரைத் தாண்டி நாலுவழிச் சாலையில் ஏறியபிறகுதான் வெளிக் கண்ணாடியிலும் உள் கண்ணாடியிலும் பார்த்தேன். ராத்திரி தூங்குவதற்காக நான் தைத்து மாட்டிய திரைகளைப் பட்டப்பகலில் எல்லா ஜன்னலுக்கும் இழுத்துவிட்டிருந்தார். எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்த திரையையும் சேர்த்து.

விக்கிரவாண்டி தாண்டியதும் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "ஊருக்கு வெளிய எங்கனா ஓரமா நிறுத்து. இருட்டினதும் போயிக்கலாம்."

இத்தனை வருஷம் இவருடைய பைக்கில் பின்னால் உட்கார்ந்து ஊரெல்லாம் போயிருக்கிறேன். ஒருநாளாவது முகத்தை மூடிக்கொண்டு போனேனா? நாளைக்கு அந்த மலையில் இவர் மூச்சுக்குத் தவித்தாலும், நான் ஸ்டியரிங்கைத் தொடுவதற்கு முன்னால் யாராவது பார்க்கிறார்களா என்றுதான் எட்டிப் பார்ப்பார். நான் ஓட்டுவது இவருக்கு உயிர்போகிற அவமானம். அதை என்னால் பொறுக்க முடியவில்லை. நிறுத்தாமல் ஊருக்குள் விட்டேன்.

நான்கு முனை சந்திப்பில் சிக்னல் விழுந்தது. பக்கத்தில் பைக்கில் வந்து நின்றவர் இவரோடு வேலை பார்க்கிறவர். குனிந்து என்னைப் பார்த்தார். "இன்னா அண்ணி, நீங்க ஓட்டிக்கினு வர்றீங்க? அண்ணன் எங்க?"

கையைப் பின்னால் நீட்டி, நடுத்திரையை முழுக்க விலக்கினேன். "இதோ இருக்காரு, பேசுங்க" என்றேன்.

என் கணவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, தூங்குவதுபோல் கிடந்தார். இமை துடித்தது. பைக்கில் வந்தவர் ஒன்றும் புரியாமல் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பச்சை விழுந்ததும் கியர் போட்டுக் கிளம்பினேன்.

கால் வீக்கம் வடிந்துவிட்டது. ஜூனில் கிளம்புகிறோம் என்று அவர் இப்போதும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஜூனில் நான் கிளம்புகிறேன். வருவதென்றால் அவர் முன்னால் உட்கார்ந்து, கண்ணைத் திறந்துகொண்டு வரட்டும்.