எதிர்த்தறிக்கு ஒரு நாற்காலி

ஹில்டா யாரிடம் பேசுகிறார்? இங்கிலாந்தின் பர்ன்லி நகரில் கால்வாய்க் கரையிலுள்ள பழைய நெசவாலையைப் பார்க்கப்போன எங்களில் யாருக்கும் அப்போது விடை தெரியவில்லை.

விக்டோரியா ராணி காலத்து ஆலை அது. மூடிக் கிடந்ததை இடிக்க விடாமல் ஊர்க்காரர்கள் காப்பாற்றி, சனிக்கிழமைகளில் சில தறிகளை ஓட்டிக் காட்டுகிறார்கள். ஓட்டுகிறவர் ஹில்டா. இளவயதில் அங்கேயே நெய்தவர். தறி இரைச்சலில் குரல் எடுபடாது என்பதால், நெசவுப் பெண்கள் ஒருவர் உதட்டை ஒருவர் பார்த்தே பேசிக்கொள்வார்கள். ஹில்டாவுக்கு எதிர்த்தறியில் நெய்த தோழி நெல்லி போன குளிர்காலத்தில் இறந்துவிட்டார். அதன்பின் ஊரில் அந்தப் பேச்சு தெரிந்தவர் யாருமில்லை. ஆனாலும் தறி ஓடத் தொடங்கினால் ஹில்டாவின் உதடுகள் தானாக அசையும்.

“பேய்கூட பேசுறீங்களா, ஹில்டா?” என்று நுழைவுச்சீட்டு கொடுக்கும் கிரெக் கேலி செய்வான்.

“உன்னவிட அது பரவால்ல கண்ணு. குறுக்க பேசாது.”

ஒரு சனிக்கிழமை, வழக்கம்போல எதிர்த்தறியைப் பார்த்து, “மழை வரும்போல இருக்கு, துணியெல்லாம் கொடியில கெடக்கு” என்று சத்தமில்லாமல் சொன்னார். அங்கே நின்றிருந்த காது கேளாத பெண் ஒருத்தி, அதேபோல உதட்டை மட்டும் அசைத்து, “அப்போ ஓடிப்போய் எடுங்கம்மா” என்றாள்.

ஹில்டா திகைத்து நின்றார். பிறகு, அவளுடைய பேருந்து கிளம்பும்வரை இருவரும் ஓயாமல் பேசினார்கள். அவள் தொலைதூரத்து ஊர்க்காரி. போய்விட்டாள்.

அன்றிலிருந்து ஹில்டா எதிர்த்தறியருகே ஒரு நாற்காலி போட்டு வைக்கிறார். இன்னும் யாரும் வந்து உட்காரவில்லை. உதட்டசைவைப் படிக்கத் தெரிந்தவர் யாரையாவது நீங்கள் அறிந்திருந்தால், தயவுசெய்து இதை அவரிடம் சொல்லுங்கள்.